கிணறு இருந்த இடத்தைக் காட்டியவன் நான்

போடியில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் நாலு. கம்பத்தில் கல்யாண மண்டபம் ரெண்டு. தேனி கடைவீதியில் எல்லாரும் ஒத்தை மாடியோடு நிறுத்திக்கொண்ட காலத்தில் மூணு மாடி ஏற்றிய ஜவுளிக்கடை ஒன்று. மயிலாடும்பாறைப் பக்கம் ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம். அந்தப் பாலத்தை, படித்த இஞ்சினியர்கள் எனக்கு முன்னால் ரெண்டு தடவை கட்டினார்கள், ரெண்டு தடவையும் வெள்ளம் கொண்டுபோனது; மூணாவதாக நான் கட்டினது இன்னும் நிற்கிறது, மேலே லாரி போகிறது. இத்தனையும் மூணாங்கிளாஸ் தாண்டாத ஒருவன், சாந்துச் சட்டி சுமந்து, கொத்தனாராய்க் கரண்டி பிடித்து, பிறகு மேஸ்திரியாகி, அதன் பிறகு காண்ட்ராக்டராகிக் கட்டியவை. வெறும் பெருமைக்காக இந்தப் பட்டியலைப் போடவில்லை. பெருமையும் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் இவ்வளவும் கட்டியவன் வீட்டு அலமாரியில் இன்றைக்கு மேல்தட்டில் இருப்பது மாலையோ கேடயமோ இல்லை. ஒரு கண்ணாடிப் பாட்டில். அதில் முக்கால் வாசிக்கு மண். மூடியில் அரக்கு சீல். பாட்டிலின் வயிற்றில் ஒட்டிய சீட்டில் நாலு வரி: இடம், ஆழம், தேதி, எடுத்தவர். எடுத்தவர் என்ற வரிக்கு நேரே ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அந்த அம்மா மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசில் பொறியாளர். ஊரில் மண்ணாபீசரம்மா என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். சொந்த ஊர் கெங்குவார்பட்டி என்று பின்னால் கேள்விப்பட்டேன். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஆனால் என்னிடம் பேசும்போது ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரிதான் பேசும். கையில் இரும்புத் திருகுக் குழாய் ஒன்று, தோளில் பை, தண்ணீர் பாட்டில். நான் வாங்கிவைத்த இளநீரை ஒரு நாளும் தொட்டதில்லை. "வேணாங்கய்யா, விதி இல்லை" என்று சொல்லிவிடும். இளநீர் குடிப்பதற்கு எந்த ஊரில் விதி இருக்கிறது? தவறாமல் ஒன்பதரைக்கு வரும், நாலரைக்குப் போகும், நடுவில் என்னை விண்ணப்பதாரர் என்றே எழுதும். எழுபது வயது தாண்டிய மனுசனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ கூப்பிடு பேர்கள் உண்டு. மேஸ்திரி என்பார்கள், மாமா என்பார்கள், முதலாளி என்பார்கள். விண்ணப்பதாரர் என்று என்னைச் சொன்ன ஒரே ஆள் அதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டினால், மருந்துக் கம்பெனி என்று ஊரார் சொல்லும் ஒரு வளாகம் இருந்தது. மலையில் ஏலத்தோட்டத்துக்கும் கீழே திராட்சைக்கும் பருத்திக்கும் அடிக்கிற பூச்சி மருந்தை, களைக்கொல்லியை, பீப்பாயில் கொண்டுவந்து மாவுக்கல் பொடியோடு கலந்து மூட்டை பிடித்து அனுப்புவார்கள். வெளியூர் முதலாளி. முப்பது வருசத்துக்கு மேலாகிறது மூடி. முதலாளி செத்து, கம்பெனி கலைந்து, தகரம் பறந்து, கடைசியில் இடம் ஏலத்துக்கு வந்தது. நான் எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்பதுதான் முக்கியம். என்னோடு நாற்பது வருசம் உழைத்த கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுகிறவர்கள், அவர்களில் ஒருத்தருக்கும் சொந்த வீடு கிடையாது. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர்கள் வாடகைக் குடிசையில் கிடந்தார்கள். என் கண் மூடுமுன் அவர்களுக்கு இருபத்திநாலு வீடு கட்டிக் கொடுத்துவிடுவது என்று கோயிலில் வைத்து எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கை நான் மீறினதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மனைப்பிரிவு அனுமதிக்கு எழுதிப்போட்டால், இது பழைய ரசாயனக் கம்பெனி இருந்த நிலம், மாசுபட்டதா இல்லையா என்று ஆய்வு முடியாமல் ஒரு செங்கல் வைக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. முதல் ஆய்வாம், அதில் சந்தேகம் வந்தால் விரிவான ஆய்வாம், அதன் பிறகு சுத்தம் பண்ணும் திட்டமாம், அதற்குப் பொதுமக்கள் கருத்தாம். கெடுத்தவனே சுத்தம் பண்ண வேண்டும் என்று விதியில் அழகாக எழுதியிருக்கிறது. கெடுத்தவன் எங்கே? சாம்பலாகி ஆற்றில் போய்விட்டான். மாட்டினவன் யார்? பிறத்தியார் குப்பையை விலை கொடுத்து வாங்கி அதில் ஏழைக்கு வீடு கட்டப்போனவன். இந்த விதியை எழுதினவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஆய்வறிக்கை தயார் பண்ண ஒரு நிபுணரை வைக்கச் சொன்னார்கள். மதுரையிலிருந்து ஒருவர் வந்தார், கழுத்துப் பட்டி கட்டி. கார் கண்ணாடியை இறக்கி இடத்தைப் பார்த்தார், ஏற்றிக்கொண்டு போனார். ரெண்டு வாரத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் வந்தது, முழுக்க இங்கிலீசு. எனக்கு இங்கிலீசு தெரியாது. கனமாக இருந்தது, வழவழப்பான தாள், நடுவில் கலர் படம். நம்பிக் கொடுத்தேன். மண்ணாபீசரம்மா அதைப் புரட்டிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் விரலை வைத்தது.

"ஐயா, உங்க இடத்துல மீன்பிடிப் படகு எத்தனை இருக்கு?"

"என்னம்மா கேக்குறீக? இது உத்தமபாளையம்."

"இந்தக் கட்டுமானத்தால கடற்கரை மீனவர்களுக்குப் பாதிப்பு இருக்காதுன்னு உங்க அறிக்கைல போட்டிருக்கு. அடுத்த பக்கத்துல கடலாமைக்கும் பாதிப்பு இல்லையாம்."

ஆபீசில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எங்கேயோ கடலோர ஊருக்கு எழுதினதை ஊர்ப்பேரை மட்டும் மாற்றி அந்தக் கழுத்துப்பட்டிக்காரர் என் தலையில் கட்டியிருக்கிறார். விதி நிபுணரைக் கேட்டது, நிபுணர் ஆமையைக் கொடுத்தார், அவமானப்பட்டது நான். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அன்றைக்கு வாசலிலேயே நின்று கத்தினேன். "மண்ணத் திங்கிற அம்மாவுக்கு மனுசன் பசி தெரியுமா?" என்றேன். உள்ளே கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். கேட்டது. மறுவாரம் தானே நேரில் வந்து குழி போட்டு மண் எடுப்பதாகக் கடிதம் வந்தது.

வந்த அன்றைக்கு வாசலை அடைத்து என் டிராக்டரை நிறுத்தச் சொன்னேன். டயர் பஞ்சர் என்று டிரைவர் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. அந்த அம்மா நாலு டயரையும் ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஜீப்பை ரோட்டிலேயே விட்டு, இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு டிராக்டருக்கும் கல்தூணுக்கும் இடையில் உடம்பை நெளித்து உள்ளே போனது. சேலை முந்தானையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. என் சித்தாள் அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மேஸ்திரி, உங்களுக்குச் சோடி வந்தாச்சு."

இந்தச் சித்தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவள். போடி ஸ்டோரிலிருந்து ஜவுளிக்கடை மூணாம் மாடி வரைக்கும் என் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் சாந்து சுமந்தவள். நான் காண்ட்ராக்டர் ஆன பிறகும் முதலாளி என்று ஒரு நாளும் சொன்னதில்லை, மேஸ்திரிதான். புருசன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்துக் கிடந்தே செத்தான். என் வேலையில்தான் விழுந்தான். ஒரே மகள், அவளும் புருசனிடமிருந்து பிள்ளையோடு திரும்பி வந்துவிட்டாள். என்னைத் திட்ட உரிமை உள்ள ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தி உண்டென்றால் அவள்தான். அந்த உரிமையை அவள் தினமும் எடுத்துக்கொண்டாள்.

மண்ணாபீசரம்மா வரைபடத்தை ஜீப் முகப்பில் விரித்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு குழி. மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு குழியிலும் மேல்மண், இடுப்பாழத்து மண், ஆளாழத்து மண் என்று தனித்தனியாகப் பாட்டிலில் அடைத்தது. நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தபோதே தெரியும் எனக்கு, பதினொன்றும் நல்ல மண்ணாகத்தான் வரும். அப்படியே வந்தது. எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று பரிசோதனைக்கூடம் எழுதிவிட்டது.

எப்படித் தெரியும் என்றால், விஷம் கட்டம் போட்டு இறங்கவில்லை. நாங்கள் ஊற்றின இடத்தில் இறங்கியது.

ஆமாம், நாங்கள்தான். கரண்டி பிடிக்கும் முன்னால், மீசை அரும்புகிற வயசில், ரெண்டு வருசம் நான் அந்த மருந்துக் கம்பெனியில் கூலி. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பீப்பாய் உருட்டுவோம், மாவுக்கல் கலப்போம். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம் தருவார்கள், தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்று. அந்த வெல்லத்துக்காகவே சிலர் கூடுதல் நேரம் நிற்பார்கள். வாரக் கடைசியில் பீப்பாய்களைச் சோடா போட்டுக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர், கிழிந்த மூட்டையில் சிந்தின பொடி, காலாவதியான சரக்கு, எல்லாம் வடகிழக்கு மூலையில் வற்றிக் கிடந்த பாழுங்கிணற்றில். கழுவித் தள்ளுகிற வேலை என்னுடையது. ரெண்டு வருசம் நான் தள்ளினேன், எனக்குப் பிறகு வேறு ஆட்கள். கம்பெனியை மூடுகிறபோது கிணற்றைத் தூர்த்து, வாயில் பலகைக் கல் போட்டு, இடிசல் கொட்டி, மண் மூடிச் சமப்படுத்திவிட்டார்கள். என்னோடும் எனக்குப் பின்னாலும் அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கிணறு இருந்ததை அறிந்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

மறைத்தேனா என்று கேட்பீர்கள். முதலில் நான் போட்ட வரைபடத்தில் அந்த மூலையில் வீடு இல்லை, பூங்கா. மரத்தை நட்டு அப்படியே விட்டுவிடலாம், முப்பது வருச மழை கழுவினது போக மிச்சத்தை மரம் குடித்துவிடும் என்பது என் கணக்கு. படிக்காதவன் கணக்குதான், ஆனால் அதில் யாரும் படுத்துத் தூங்கமாட்டார்கள் அல்லவா? வரைபடத்தை இன்னொரு ஆபீசிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், பூங்கா ரோட்டை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று விதியாம். பூங்கா முன்னால் போனது, வீடுகள் பின்னால் தள்ளின. கிணற்று மேல் வீட்டை வைத்தது நானில்லை, விதி. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றால், சொன்னால் முழு இடமும் முடங்கும், இருபத்திநாலு வீடும் போகும் என்று பயந்தேன். நான் பயந்த சில காரியங்களில் அது ஒன்று.

பரிசோதனை முடிவு நல்லதாக வந்த கையோடு, கோயிலில் வைத்துச் சீட்டுக் குலுக்கினோம். யாருக்கு எந்த வீடு என்பதைப் பிள்ளையார் முன்னால் எடுத்துவிட்டால் பிறகு பேச்சு இருக்காது, எங்கள் வழக்கம் அது. பதினேழாம் நம்பர் மனை வடகிழக்கு மூலையில். அந்தச் சீட்டு சித்தாள் கையில் வந்தது. கையில் வைத்துக்கொண்டு அவள் ஆடினாள் என்றே சொல்ல வேண்டும். "ஈசானிய மூலைடி ஆத்தா, சாமி மூலை" என்று மகளைக் கட்டிக்கொண்டாள். மறுநாளே முருங்கைப் போத்து ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து மனையில் ஊன்றினாள். முருங்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேலியில் குத்தினாலும் துளிர்க்கும், வெட்டிப் போட்ட இடத்திலும் துளிர்க்கும். அது துளிர்க்கவில்லை. தினமும் வாய்க்காலில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஊற்றினாள்.

"முருங்கைகூட எனக்கு வேரு பிடிக்க மாட்டேங்குது பாத்தீகளா மேஸ்திரி. என் கை ராசி அப்படி" என்பாள்.

"மொட்டைக் குச்சிய ஊனிட்டு ஒரு வாரத்துல காயா கேப்ப?" என்று நான் அதட்டுவேன். அதட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். இப்படிப் பத்தொன்பது நாள். நான் எண்ணினேன்.

இருபதாம் நாள் மண்ணாபீசரம்மா கடைசிப் பார்வைக்கு வந்தது. கையில் தடையில்லாச் சான்று, கையெழுத்து மட்டும் பாக்கி. கொத்தனார்கள் நூல் கட்டி, அஸ்திவாரம் தோண்டுவதற்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டோரமாகவே நடந்துவந்த அந்த அம்மா சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டது.

"பேஸ்மெண்ட்டுக்கு மண்ணு எங்கிருந்து வருது ஐயா?"

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். அஸ்திவாரத்துக்குத் தோண்டின மண்ணை அதே வீட்டுக்குள்தான் கொட்ட வேண்டும் என்பது என் சட்டம். கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, அதற்கு மேல் தரை. வெளி மண் கொண்டுவருவது சோம்பேறி மேஸ்திரியின் வேலை. அந்த மனை மண் மேலேதான் அந்த வீட்டுக்காரன் படுக்க வேண்டும். நாற்பது வருசமாக நான் கட்டின ஒரு கட்டடத்திலும் அயல் மண் விழுந்ததில்லை.

"தோண்டுற மண்ணு அப்படியே வீட்டுக்குள்ள போயிரும். ஒரு கூடை வெளிய போகாது. அந்த மண்ணு மேலதான் பாய் விரிச்சுப் படுக்கணும், அதான் என் கட்டடம்" என்றேன், சத்தமாக. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று.

சொல்லி வாய் மூடவில்லை, சித்தாள் குடத்தோடு வந்தாள். பதினேழாம் மனையின் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள், குனிந்தாள், குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஈரக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். மண்ணாபீசரம்மா பேனா மூடியைக் கழற்றியது. அதன் பேனா தாளைத் தொடுகிறதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கையெழுத்து, என் வாக்கு நிறைவேறிவிடும். வருசக்கணக்கில் என்னை அலைக்கழித்த விதி என் காலடியில் விழப்போகிறது. ஜெயித்தாகிவிட்டது.

"நிறுத்தும்மா" என்றேன்.

"என்ன?"

"ஒங்க குழி பதினொண்ணும் தப்பு. ஒரு குழி விட்டுப்போச்சு."

அந்த அம்மா என்னைப் பார்த்தது. செய்தி வாசிக்கிற குரல் அப்போதுதான் முதல் தடவையாக எங்கேயோ போய்விட்டது.

"எங்கன ஐயா?"

"அங்கன" என்று கைத்தடியை நீட்டினேன். சித்தாளின் குடத்துக்கு நேராக.

அரை ஆள் ஆழத்தில் இடிசல், அதன் கீழே பலகைக் கல். கடப்பாரை போட்டு நெம்பினபோது கல் ஒரு சாண் நகர்ந்தது, அவ்வளவுதான், பூண்டையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் கொதிக்கவைத்த மாதிரி ஒரு வாடை எழும்பியது. தோண்டின ஆட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். எனக்கு அந்த வாடை புதிதில்லை. ஐம்பது வருசத்துக்குப் பிறகும் நாக்கில் வெல்லம் இனித்தது, சத்தியமாக இனித்தது. மண்ணாபீசரம்மா முகமூடி ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, கையுறை போட்டு, குப்புறப்படுத்து, குழாயை உள்ளே விட்டுத் திருகியது. ரெண்டு பாட்டில் நிரப்பியது. ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று விண்ணப்பதாரருக்கு. அந்த இரண்டாவதுதான் என் அலமாரியில் இருப்பது.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சீட்டு விழுந்த அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா மேஸ்திரி?"

"தெரியும்."

"நாந் தெனமும் கொடம் சொமந்தத பாத்துக்கிட்டே இருந்தீகளா?"

எத்தனையோ அதிகாரிகளை ஒரு வார்த்தையில் மடக்கினவன், அவளுக்கு முன்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எம் பேரப்பிள்ளையும் அதுலதான படுத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்தாள், சட்டியை எடுத்தாள், என்னிடம் பேசவில்லை. இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மேஸ்திரி என்பதையும் விட்டுவிட்டாள், இப்போது முதலாளி என்கிறாள்.

இதற்குப் பிறகுதான் அறிக்கை வந்தது. தேனி ஆபீசுக்கு வரச் சொல்லி, தமிழ்ச் சுருக்கத்தைக் கிளார்க் ஒருவர் வாசித்துக் காட்டினார். "கள ஆய்வின்போது வடகிழக்கு மூலையில் மூடப்பட்ட கிணறு ஒன்று கண்டறியப்பட்டது." திரும்ப வாசிக்கச் சொன்னேன். திரும்பவும் அதே. நேராக மண்ணாபீசரம்மா மேஜைக்குப் போனேன்.

"கண்டறியப்பட்டதாம்ல? யாரு கண்டறிஞ்சது? தானாக் கெணறு எந்திரிச்சு வந்து கும்பிடு போட்டுச்சாக்கும்?"

"உக்காருங்கய்யா."

"உக்கார மாட்டேன். எம் பேரு எங்க?"

அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தது. குரலை இறக்கிச் சொன்னது: "உங்க பேரை எழுதுனா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு எழுதணும். கழிவை அதுல ஊத்துனது நீங்கன்னு எழுதணும். இடத்தோட ஓனரும் இப்ப நீங்க. கெடுத்தவர்னு உங்க மேலயே கொண்டுவந்து நிறுத்திருவாக. இந்த வயசுல கோர்ட்டுக்கு அலைவீகளா? அதான் விட்டுட்டேன். புரிஞ்சுக்கங்க ஐயா."

வருசக்கணக்காக விதி விதி என்று என் கழுத்தைப் பிடித்த ஆள், எனக்காக ஒரு தடவை விதியை வளைத்ததாம். நான் நன்றி சொல்ல வேண்டுமாம். ஊரில் கூட நான் சொல்லி இதைக் கேள்விப்பட்டவர்கள் எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். எனக்கு அது நல்ல மனசாகத் தெரியவில்லை. இளநீர் ஒன்றை என் கையிலிருந்து வாங்காத ஆள், என் பேரை மட்டும் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. இரக்கப்படுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? என்னைக் கேட்டிருந்தால் நான் கோர்ட்டுக்கே போயிருப்பேன், கூண்டில் நின்று, வெல்லம் கொடுத்து வேலை வாங்கினவனிலிருந்து ஆமை எழுதினவன் வரைக்கும் எல்லாரையும் இழுத்திருப்பேன். "ஒங்க இரக்கத்த ஒங்க பாட்டில்ல அடைச்சு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் அந்த அம்மாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகிறபோது ஆபீசில் சால்வை போட்டார்களாம், மறைந்து கிடந்த கிணற்றைக் கண்டுபிடித்ததற்காக. போட்டுக்கொண்டதாம்.

இப்போது வடக்குப் பாதியைச் சுற்றி முள்கம்பி. மாசுபட்ட நிலம், உள்ளே வரக் கூடாது என்று ஒரு போர்டு. அரசாங்கம் சுத்தம் பண்ணும் என்கிறார்கள், போர்டு துருப்பிடிக்கிறது, ஆள் வரவில்லை. தெற்குப் பாதியில் மறுபடி ஆய்வு பண்ணி அனுமதி கொடுத்தார்கள். அங்கே பதினோரு வீடு எழும்பியது. பேஸ்மெண்ட்டுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வெளி மண் அடித்தேன். லாரி வந்து கொட்டும்போது நான் அந்தப் பக்கம் போகவில்லை. சித்தாளுக்கு அதில் மூணாவது வீடு, சீட்டுக் குலுக்காமல் நானே கொடுத்தேன், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வாசலில் முருங்கை இப்போது கூரைக்கு மேல் போய்விட்டது. எனக்கு அவள் ஒரு கட்டு கீரைகூடக் கொடுத்தனுப்பியதில்லை. மிச்சம் பதிமூணு குடும்பம் இன்னும் வாடகையில் இருக்கிறது. என் வாக்கு பாதியில் நிற்கிறது.

பாட்டிலை இப்போது எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பார்த்தால் மண்ணுக்குள் மஞ்சளாக ஒரு கோடு ஓடுவது தெரியும். அந்தக் கோட்டில் என் கை ஊற்றினதும் இருக்கும். விதியை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கே குழி போடுவது என்று உங்கள் படிவத்தில் எத்தனையோ கட்டம் இருக்கிறது, அந்த இடத்தில் பீப்பாய் கழுவினவன் யார், அவனைக் கேட்டீர்களா என்று ஒரு கட்டம் கிடையாது. அதைப் போடுங்கள். போட்டுவிட்டு, முதலில் என் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதின அறிக்கையைத் திருத்துங்கள். இந்தச் சீட்டில் நாலாவது வரிக்குக் கீழே ரெண்டு விரற்கடை வெற்றிடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன். எடுத்தவர் அந்த அம்மாவாகவே இருக்கட்டும், குப்புறப்படுத்து எடுத்தது அதுதான், நான் மறுக்கவில்லை. அதன் கீழே காட்டியவர் என்று எழுதி என் பேரைப் போடுங்கள். அதற்கும் கீழே ஊற்றியவர் என்று எழுதி அதே பேரை, என் அப்பன் பேரும் சேர்த்து, இன்னொரு தடவை போடுங்கள். ஒன்றை விட்டு ஒன்றை நான் கேட்கவில்லை. ரெண்டும் வேண்டும். கையெழுத்துப் போட நான் தயாராக இருக்கிறேன், பேனாவை மட்டும் கொண்டுவாருங்கள்.